10 கிராம் வெள்ளி காயினுக்கு 30 பர்சன்ட் கூட கேக்குறாங்க, குடுக்கலாமா?

தம்பி, உங்க கேள்விய முழுசா படிச்சேன். தொண்டியில இருந்து மீன்பிடி போட்டுக்குப் போறீங்க, பாடு, அதாவது மீன் வரத்து, நல்லா இருக்குற மாசம் கையில நிக்கிற காசுக்கு 10 கிராம் வெள்ளி காயின் ஒண்ணு வாங்கிப் போடுறீங்க, ராமநாதபுரம் கடையில போர்டு ரேட்டுக்கு மேல 30 பர்சன்ட் வருது, ஆன்லைன்ல அதுக்கும் மேல, கீழக்கரையில ஒருத்தர் பில் இல்லாம 8 பர்சன்ட்ல தர்றேங்கிறார், இதுல எது நியாயம்னு கேட்டிருக்கீங்க. கூடவே அப்பத்தா வச்சிட்டுப் போன ஜார்ஜ் ரூபாய, அந்த வெள்ளைக்காரன் காலத்து நாணயத்த, பத்தியும் கேட்டிருக்கீங்க. ஆனா நடுவுல, மீன்பிடிக்கக் கூடாத அந்த ரெண்டு மாசத் தடையப் பத்தி, "தடைக்காலத்துல தேவப்பட்டா வித்துக்கலாம்னுதான் வாங்குறேன்"னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, நெசமான கேள்வி அதுக்குள்ளதான் இருக்கு. வாங்குறப்ப எவ்வளவு கூட குடுக்குறோம்ங்கிறது பாதிக் கணக்கு. திருப்பிக் குடுக்குறப்ப எவ்வளவு கைக்கு வரும்ங்கிறது மீதிப் பாதி. ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் நியாயமா அநியாயமான்னு சொல்ல முடியும்.

நான் இந்தப் பக்கம் பேங்க்ல நகைக்கு மதிப்பு போடுற அப்ரைசரா ரொம்ப வருசமா இருக்கேன், அதுக்கு முன்னாடி வெள்ளி கவுன்டர்லயும் நின்னிருக்கேன், அதனால விக்கிற பக்கம் வாங்குற பக்கம் ரெண்டும் தெரியும். வெள்ளி நாளைக்கு ஏறுமா இறங்குமான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, அத யார் சொன்னாலும் நம்பவும் செய்யாதீங்க. கூலி, திருப்பிக் குடுக்குறப்ப கடைக்காரர் பிடிக்கிற கழிவு, சுத்தம் இந்த மூணு பத்தி மட்டும் பேசுறேன்.

மொதல்ல 30 பர்சன்ட் எதுக்கு மேலன்னு பாக்கணும். கடை போர்டுல எழுதியிருக்குறதே அடக்க விலை கிடையாது. வெள்ளி உலக மார்க்கெட்ல டாலர்ல ஒரு அவுன்ஸ் கணக்குல போகுது, அந்த அவுன்ஸ் 31.1035 கிராம். அவுன்ஸ் விலைய 31.1035-ஆல வகுத்து, அன்னைக்கு டாலருக்கு எத்தன ரூபாயோ அதால பெருக்கி, மேல இறக்குமதி வரிய சேத்தா ஒரு கிராமோட அடக்கம் வந்துரும். அந்த வரிய 2024 ஜூலை பட்ஜெட்ல 15 பர்சன்ட்ல இருந்து 6-ஆ கொறைச்சாங்க, வாங்குற அன்னைக்கு என்ன வரி நடப்புல இருக்குன்னு ஒருதடவ பாத்துக்கங்க. இந்தக் கணக்கெல்லாம் கஷ்டம்னா போன்ல எம்சிஎக்ஸ்ங்கிற சரக்குச் சந்தையோட சில்வர் ரேட்ட பாருங்க, அது கிலோவுக்கு இருக்கும், ஆயிரத்தால வகுத்துக்கங்க, அதுல இறக்குமதி வரி சேந்திருக்கும் ஜிஎஸ்டி சேந்திருக்காது. அதுதான் உங்களுக்கு அடி ரேட்டு. நம்ம ஊர் போர்டு ரேட்டு பல நாள் அந்த எம்சிஎக்ஸ் ரேட்டுக்கு மேலதான் நிக்கும். அப்ப போர்டுலயே ஒரு லாபம் ஒளிஞ்சிருக்கு, அதுக்கு மேல 30 பர்சன்ட்னா நீங்க குடுக்குறது 30-ஐ தாண்டிருச்சு. எந்தக் கடைய எந்தக் கடையோட ஒப்பிட்டாலும் அடி ரேட்டு ஒண்ணா இருக்கணும், இல்லன்னா "எங்ககிட்ட செய்கூலி வெறும் 5 பர்சன்ட்"னு சொல்லிட்டு போர்டு ரேட்டுல பத்து ரூபாய ஏத்தி வச்சிருக்குற கடைதான் உங்களுக்கு மலிவாத் தெரியும்.

இப்ப கணக்குக்காக கிராம் 100 ரூபாய்னு வச்சுக்குவோம், இன்னைக்கு ரேட்டு இது கிடையாது, போட்டுப் பாக்க ஈசியா இருக்கும்னு சொல்றேன். 10 கிராம் காயின்ல வெள்ளி 1,000 ரூபாய்க்கு இருக்கு. 30 பர்சன்ட் போட்டா 1,300, அதுக்கு மேல 3 பர்சன்ட் ஜிஎஸ்டி, செய்கூலியையும் சேத்து மொத்தத்துக்கும் வரும், ஆக 1,339 குடுத்துட்டு வெளிய வர்றீங்க. அதையே திருப்பிக் கொண்டுபோனா கடைக்காரர் செய்கூலியத் தரமாட்டார், ஜிஎஸ்டியும் வராது, ரேட்டுலயும் ஒரு 3 பர்சன்ட் கழிப்பார்னு வைங்க, கைக்கு வர்றது 970. அதாவது போட்ட காச எடுக்கவே வெள்ளி ரேட்டு 100-ல இருந்து 138-க்கு ஏறணும். இதே 100 கிராம் கட்டியா வாங்கி, 6 பர்சன்ட் கூலி குடுத்தீங்கன்னா 10,600, ஜிஎஸ்டியோட 10,918. திருப்பிக் குடுத்தா 9,700. ரேட்டு 113 பக்கம் வந்தா போட்டது கிடைச்சிரும். ஒரே வெள்ளி, ஒரே சுத்தம், ஆனா ஒண்ணு 38 ரூபா ஏறணும் இன்னொண்ணு 13 ரூபா ஏறுனாப் போதும். தடைக்காலத்துல விக்கணும்னு நெனைக்கிறவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட்டு கரையில நிக்கிறப்ப ரேட்டு ஏறட்டும்னு காத்திருக்க உங்களால முடியாது, அரிசி பருப்பும் பிள்ளைங்க ஸ்கூல் பீஸும் காத்திருக்காது.

சின்னக் காயினுக்கு ஏன் இவ்வளவு கூலின்னா அதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு. 5 கிராம் காயின் அடிக்கவும் 50 கிராம் காயின் அடிக்கவும் அச்சு ஒண்ணு, ஆள் ஒண்ணு, பாக்கெட் ஒண்ணு, கடையில எடை போட்டு பில் போடுற வேலையும் ஒண்ணு. அந்தச் செலவு சின்னத்துல பெரிய பர்சன்ட்டாத் தெரியும், பெருசுல கரைஞ்சிரும். அதனால 10 கிராமுக்கு 5 பர்சன்ட்தான் குடுப்பேன்னு அடம்பிடிக்கிறதும் சரியில்ல, எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. நான் மனசுல வச்சிருக்குற அளவு சொல்றேன், எம்சிஎக்ஸ் ரேட்டுக்கு மேல, ஜிஎஸ்டி சேக்காம: 10 கிராமுக்கு 12-ல இருந்து 18 வரைக்கும் குடுக்கலாம், 20-ல இருந்து 50 கிராம்னா 8-ல இருந்து 12, 100 கிராம்னா 5-ல இருந்து 8, அரைக் கிலோ ஒரு கிலோன்னு போனா 2-ல இருந்து 4. இது நான் பாத்துப் பாத்து வச்சிக்கிட்ட அளவுகோல், சட்டம் எதுவும் கிடையாது, ஊருக்கு ஊர் சீசனுக்கு சீசன் மாறும். ஆனா 10 கிராமுக்கு போர்டு ரேட்டுக்கு மேலயே 30-ங்கிறது எந்தக் கணக்குலயும் கூடத்தான்.

இன்னொரு விசயம், இத ரொம்பப் பேரு கவனிக்கிறதே இல்ல. செய்கூலிய பர்சன்ட்டுல கேக்காதீங்க, ரூபாய்ல கேளுங்க. கிராம் 100 ரூபா இருக்கைல 10 கிராம் காயினுக்கு 150 ரூபா கூலின்னா அது 15 பர்சன்ட். வெள்ளி 200 ஆயிருச்சுன்னு வைங்க, அச்சு அடிக்கிற கூலி 150-ல இருந்து 300 ஆகிறாது, கரண்ட்டும் ஆள் சம்பளமும் அப்படி ஏறல. ஆனா "எப்பவும் எங்ககிட்ட 15 பர்சன்ட்தான்"னு சொல்ற கடையில நீங்க இப்ப 300 குடுக்குறீங்க. பர்சன்ட் மாறல, கூலி டபுள் ஆயிருச்சு. வெள்ளி ஏறுற காலத்துல பர்சன்ட் கொறையணும், அதுதான் ஞாயம், அத வாயத் தொறந்து கேட்டீங்கன்னா நல்ல கடைக்காரர் கொறைச்சுத்தான் தருவார். அப்புறம் பில்ல கையில வாங்குனதும் நின்னு படிங்க. எடை, ரேட்டு, எம்.சி. (அதான் செய்கூலி), ஜிஎஸ்டி இந்த நாலு வரி இருந்தாப் போதும். காயின் பில்லுல "வேஸ்டேஜ்"னு தனியா ஒரு வரி இருந்தா அது எதுக்குன்னு கேளுங்க. கொலுசு செய்யைல அறுக்கிறது ராவுறதுல பொடி போகும், சேதாரம் கேக்குறாங்க, சரி. காயின் தகட்டுல இருந்து வெட்டி அச்சுல அடிக்கிறது, வெட்டுன மிச்சம் அப்படியே உருக்குக்குத் திரும்பப் போயிரும், அதுக்கு செய்கூலியும் வாங்கிட்டு சேதாரமும் வாங்குறது நியாயமே இல்ல. எடையையும் பாக்கெட்டோட போடாம வெறும் காயினா போட்டுக் காட்டச் சொல்லுங்க, சீல் பண்ண பாக்கெட்னா மேல நெட் வெயிட் அச்சடிச்சிருக்கும், அத பில்லோட ஒத்துப் பாருங்க.

சீசன் பத்தி சொன்னேன்ல, அதுக்கு நல்ல உதாரணம் 2025 அக்டோபர். அந்தத் தீபாவளி சமயம் நாட்டுக்குள்ள வெள்ளிக் கட்டிக்கே தட்டுப்பாடு, உலக ரேட்ட கணக்குப் போட்டு வர்ற விலைக்கும் இங்க கிடைக்கிற விலைக்கும் பெரிய இடைவெளி விழுந்துச்சு, சில மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிங்களே வெள்ளி ஃபண்டுல மொத்தமா பணம் போடுறத கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாங்க, இந்த ரேட்டுல வாங்குனா முதலீட்டாளருக்கு நட்டம்னு. அவ்வளவு பெரிய ஆளுங்களே வாங்காம நின்ன சமயத்துல நம்ம ஊர்ல காயின் வாங்க வரிசை நின்னுச்சு. தீபாவளி, அட்சய திருதியை மாதிரி நாள்ல எம்சிஎக்ஸ் ரேட்டுக்கும் கடை ரேட்டுக்கும் இடைவெளி வழக்கத்த விட அகலமா இருந்தா அந்த மாசம் விட்டுட்டு அடுத்த மாசம் வாங்குங்க. சாஸ்திரத்துக்கு வாங்கணும்னா ஒரு சின்னக் காயினோட நிறுத்திக்கங்க.

கீழக்கரை ஆள் பத்தி. 8 பர்சன்ட்னு கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பில் இல்லாத வெள்ளி வேணாம், இதுல நான் உறுதியாச் சொல்றேன். நாளைக்கு விக்கப் போனா "எங்க வாங்குனது"ன்னு கேப்பாங்க, பில் இல்லன்னா கழிவு கூடும். அது திருட்டுப் பொருளா இருந்து போலீஸ் தேடி வந்தா பொருளும் போகும் காசும் போகும். அதுவும் நம்ம கரை, மண்டபம் பக்கம் கடலுக்குள்ள வீசுன தங்கக் கட்டிய முக்குளிக்க ஆள் விட்டு எடுத்த செய்தியெல்லாம் நீங்களே படிச்சிருப்பீங்க, இந்த ஊர்ல கணக்கில்லாத கட்டி கையில இருந்தா பதில் சொல்ல வேண்டியவர் நீங்கதான். அந்தக் கீழக்கரை ஆள் நல்லவராவே இருக்கலாம், நான் அவர குத்தம் சொல்லல. அதே 8 பர்சன்ட்டுக்கு 3 பர்சன்ட் ஜிஎஸ்டியும் போட்டு பில்லோட தாங்கன்னு கேளுங்க, தந்தார்னா அவர்கிட்டயே வாங்குங்க, 30 பர்சன்ட் கேக்குற அந்த ராமநாதபுரம் கடையை விட எவ்வளவோ மேல்.

சுத்தம் எப்படித் தெரியும்னா, ஹால்மார்க் வெள்ளிக்கு தங்கம் மாதிரி கட்டாயம் ஆக்கல, ஆனா 2025 செப்டம்பர்ல இருந்து வெள்ளிக்கும் ஹெச்யூஐடிங்கிற தனி அடையாள நம்பரோட ஹால்மார்க் வந்திருக்கு, இருக்குற காயினா பாத்து வாங்குங்க, பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரப் போட்டுப் பாத்துக்கலாம். வீட்லயும் ஒரு சோதனை பண்ணலாம். 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்க. ஒரு டம்ளர்ல முக்கால்வாசி தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு ஜீரோ பண்ணுங்க. வெள்ளிய மெல்லிசு நூல்ல கட்டி, தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி, அடியிலயும் ஓரத்துலயும் படாம கையில தூக்கிப் பிடிங்க. காத்துக் குமிழ் ஒட்டியிருந்தா நூல லேசா ஆட்டி விடுங்க. இப்ப தராசு காட்டுறது அந்த வெள்ளி வெலக்குன தண்ணியோட எடை. 100 கிராம் நல்ல வெள்ளின்னா 9.5 பக்கம் காட்டணும், 50 கிராம்னா 4.75. செம்பு மேல முலாம் பூசுனதுன்னா 100 கிராமுக்கு 11-க்கு மேல போயிரும், ஜெர்மன் சில்வரும் அப்படித்தான், அதுல பேருல மட்டும்தான் வெள்ளி இருக்கு. காந்தம் ஒட்டுச்சுன்னா சோதனையே வேணாம், வெள்ளி காந்தத்துல ஒட்டாது. ஆனா இந்தத் தண்ணி சோதனைக்கும் எல்லை இருக்கு. 925-க்கும் 999-க்கும், அதாவது 92.5 பர்சன்ட் வெள்ளிக்கும் 99.9 பர்சன்ட் வெள்ளிக்கும், வித்தியாசம் 100 கிராமுக்கு பத்துல ஒரு பங்கு கிராம்தான், 10 கிராம் காயின்ல அது தராசோட தப்புக்குள்ளயே மறைஞ்சிரும். கடையில சுத்தம் பாக்க வச்சிருக்குற எக்ஸ்ஆர்எஃப் மெஷினும் மேல்தோல மட்டும்தான் பாக்கும், தடியா முலாம் போட்டிருந்தா உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால மெஷின் ஒண்ணு, தண்ணி எடை ஒண்ணுன்னு ரெண்டும் ஒத்து வந்தா நம்பலாம்.

ஆன்லைன்ல வாங்குறது தப்பில்ல, ஆனா அங்க போட்டிருக்குற விலை பெரும்பாலும் ஜிஎஸ்டியோட சேத்து இருக்கும், கடை விலை ஜிஎஸ்டி இல்லாம சொல்வாங்க, அத நேர் பண்ணிட்டு ஒப்பிடுங்க. சில பேங்க்லயும் காயின் விக்கிறாங்க, சுத்தத்துக்குக் குறை சொல்ல முடியாது, ஆனா வித்த காயினத் திரும்ப வாங்கமாட்டாங்க. கலர் அடிச்சது, சாமி படம் போட்டு டப்பாவுல வர்றது, இதெல்லாம் பரிசுக்கு நல்லது, சேமிப்புக்கு வேணாம். அரசாங்க நாணயச்சாலை வெளியிடுற நினைவு நாணயத்துல இன்னும் கவனம் வேணும், 35 கிராம் எடையில வந்த பல நாணயத்துல வெள்ளி பாதிதான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம், அதோட விலை சேகரிக்கிறவங்களுக்கான விலை.

அடகு பத்தியும் சொல்லிருறேன், தடைக்காலத்துல விக்கிறத விட அடகு வச்சு பாடு வந்ததும் திருப்புறது உங்களுக்கு ஒத்து வரலாம். ரிசர்வ் பேங்க் 2025 ஜூன்ல போட்ட விதிப்படி வெள்ளி நகைக்கும் வெள்ளிக் காயினுக்கும் கடன் குடுக்கலாம், எல்லாரும் அந்த விதிக்கு வர்றதுக்குக் கடைசித் தேதி 2026 ஏப்ரல் 1. காயின்னா ஒரு ஆளுக்கு 500 கிராம் வரைக்கும். கட்டிக்கு, அதாவது பார் வெள்ளிக்கு, கடன் கிடையாது. இங்கதான் யோசிக்கணும், கட்டியில கூலி கொறைச்சல் ஆனா அடகு வைக்க முடியாது, காயின்ல கூலி கூட ஆனா வைக்கலாம். அதனால 50 கிராம், 100 கிராம் காயினா வாங்குங்கன்னுதான் சொல்வேன், ரெண்டு பக்கமும் தோது. விதி இருந்தாலும் ஒவ்வொரு பிராஞ்சும் வெள்ளி எடுக்குறாங்களான்னு முன்கூட்டியே கேட்டுக்கங்க. மதிப்பு போடைல நாங்க வெள்ளியோட விலைய மட்டும்தான் பாப்போம், நீங்க குடுத்த செய்கூலியில ஒரு பைசா சேக்க மாட்டோம். 30 பர்சன்ட் கூலி குடுத்த காயினும் 8 பர்சன்ட் கூலி குடுத்த காயினும் எங்க மேசையில ஒரே விலைதான்.

அப்பத்தாவோட ரூபாய மொத்தமா அள்ளிட்டுப் போய் எடைக்குப் போட்டுறாதீங்க, வருசம் பாத்துப் பிரிங்க. ஒரு ரூபாய் நாணயம் ஒவ்வொண்ணும் 11.66 கிராம். 1939 வரைக்கும் உள்ளதுல, ராணி தலை, எட்வர்ட், அஞ்சாம் ஜார்ஜ் எல்லாம், 91.7 பர்சன்ட் வெள்ளி, சுத்தமாக் கணக்குப் போட்டா ஒரு ரூபாய்ல 10.69 கிராம் கிட்ட வரும். 1940-ல இருந்து 45 வரைக்கும் உள்ள ஆறாம் ஜார்ஜ்ல பாதிதான் வெள்ளி. 1947 போட்டது நிக்கல், அது காந்தத்துல ஒட்டும். எல்லாத்தையும் கலந்து குடுத்தா கடைக்காரர் பாதி வெள்ளின்னு சொல்லி மொத்தத்துக்கும் அந்த ரேட்டப் போட்டுருவார், நல்ல நாணயத்துல உங்களுக்கு நட்டம். சில வருசத்து நாணயத்துக்கு வெள்ளி விலைய விடக் கூடவே கிடைக்கும், அதனால விக்க முன்னாடி பழைய நாணயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க. பாலிஷ் மட்டும் போட்டுறாதீங்க, போட்டா அந்தக் கூடுதல் மதிப்பு போயிரும்.

கறுத்துப் போறது பத்தி பயப்பட வேணாம். அது கந்தகத்தால வர்றது, நம்ம கடல் காத்துல இருக்குற ஈரம் அத வேகப்படுத்தும், வெள்ளி உள்ளுக்குள்ள கெடாது. ஆனா காயின ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீங்க, ரப்பர்ல கந்தகம் இருக்கு, பேண்ட் சுத்துன இடம் கோடு போட்ட மாதிரி கறுத்துரும். கருவாடு வைக்கிற ரூம்லயும் வேணாம். ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல காத்த அழுத்தி எடுத்துட்டு மூடி வச்சாப் போதும். திருநீறு, பல்பொடி போட்டுத் தேய்க்கிற பழக்கம் இருந்தா விட்டுருங்க, தேய்க்கத் தேய்க்க வெள்ளியே போகும், கீறல் விழுந்த காயினப் பாத்ததும் வாங்குறவர் விலைய இறக்குவார்.

கடைசியா நீங்க என்ன செய்யணும்னு கேட்டீங்க. கையில இருக்குற 10 கிராம் காயின இப்ப விக்காதீங்க, குடுத்த கூலி போனது போனதுதான், வித்து வேற வாங்குனா இன்னொரு தடவ கூலியும் ஜிஎஸ்டியும் குடுக்கணும், அப்படியே பில்லோட வச்சிருங்க, தடைக்காலத்துல முட்டுப்பாடு வந்தா மொதல்ல அதத்தான் எடுக்கணும். இனிமே மாசாமாசம் வாங்காம அந்தக் காச தனியா சேத்து, 50 கிராமுக்கு வந்ததும் ஒரே காயினா வாங்குங்க. வாங்கப் போற கடையில விலை கேக்குறதுக்கு முன்னாடி "இதே காயின இன்னைக்கே நான் திருப்பிக் குடுத்தா எவ்வளவு தருவீங்க"ன்னு கேளுங்க. பதில் ரூபாய்ல சொல்லி பில்லுக்குப் பின்னாடி எழுதியும் தர்ற கடை ரெண்டு மூணு கிடைச்சா, வாங்குற விலைக்கும் அந்த விலைக்கும் எங்க இடைவெளி கம்மியோ அங்க வாங்குங்க, செய்கூலி எத்தன பர்சன்ட்னு அவங்க என்ன பேர் வச்சாலும் சரி.